பக்கம் 20 விழுக்காடு கூடினால் பரப்பளவு எவ்வளவு கூடும்?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் கணக்குத் தாளில் விழுக்காடு தனியாக வந்தால் பிள்ளைகள் பயப்படுவதில்லை. பரப்பளவு தனியாக வந்தாலும் போட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே கேள்வியில் சேர்ந்து வரும்போதுதான் பென்சிலைக் கடிக்க ஆரம்பிக்கிறார்கள். ஈசூனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அந்த மேசையில் இந்தக் கேள்விகளை எப்படிப் போட வைக்கிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன். பெற்றோர் முதலில் பென்சிலை எடுத்துத் தாங்களே போட்டுப் பாருங்கள். வெறுமனே வாசித்துக் காட்டினால் பிள்ளைக்கு ஏறாது.

எல்லாருக்கும் நான் கொடுக்கும் முதல் கேள்வி இது. ஒரு செவ்வகத்தின் நீளம் 20 விழுக்காடு கூடுகிறது, அகலம் 20 விழுக்காடு குறைகிறது. பரப்பளவு என்ன ஆகும்? "சேம்தான் டீச்சர், பிளஸ் 20 மைனஸ் 20" என்று யோசிக்காமல் பதில் வரும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கட்டம் போட்ட தாளை நீட்டி, பத்துக்குப் பத்து சதுரம் ஒன்று வரையச் சொல்வேன். மொத்தம் நூறு கட்டம். கீழே இரண்டு வரிசையை அடித்துவிடு. போனது இருபது கட்டம். இப்போது வலப்பக்கம் இரண்டு பத்தி சேர். பிள்ளை சேர்க்கப் போகும்போது உயரம் எட்டுதான் மீதம் இருக்கிறது. இரண்டு எட்டு பதினாறு. இருபது போய்ப் பதினாறுதான் வந்திருக்கிறது, மீதி 96. பரப்பளவு 4 விழுக்காடு குறைந்துவிட்டது. இதைக் கையால் ஒருமுறை அடித்து, ஒருமுறை சேர்த்துப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை "சேம்" என்று சொல்வதில்லை.

சில பிள்ளைகள் உடனே மடக்குவார்கள்: "கேள்வில ரெக்டாங்கிள்னு இருக்கு, நீங்க ஸ்குவேர் போட்டா எப்படி?" நல்ல கேள்வி. பரப்பளவில் நீளமும் அகலமும் பெருக்கப்படுகின்றன. எந்த நீளத்தில் தொடங்கினாலும், எந்த அகலத்தில் தொடங்கினாலும், மாற்றத்தின் விழுக்காடு ஒன்றேதான். நம்பாத பிள்ளையை 50க்கு 10 செவ்வகம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 60 பெருக்கல் 8 சமம் 480. முன்பு 500. அதே 4 விழுக்காடு.

சுற்றளவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பத்துக்குப் பத்து எடுத்தால் பழைய சுற்றளவு 40, புதியதும் 40, மாற்றமே இல்லை. 20க்கு 10 எடுத்தால் பழையது 60, புதியது 64. விடை மாறிவிடுகிறது. சுற்றளவில் பக்கங்கள் கூட்டப்படுகின்றன, பெருக்கப்படுவதில்லை. அதனால் கேள்வியில் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரு விகிதமோ உண்மையான அளவோ கட்டாயம் கொடுத்திருப்பார்கள். அதைத் தேடி எடுத்துக்கொண்டு தொடங்கவேண்டும். சுற்றளவு என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் கீழே கோடு போடும் பழக்கம் இருந்தால் நல்லது.

கட்டத்தாள் புரிந்த பிறகு மடங்குக்குப் போகலாம். 20 விழுக்காடு கூடினால் ஐந்தில் ஆறு மடங்கு, அதாவது 6/5. 20 விழுக்காடு குறைந்தால் 4/5. இரண்டையும் பெருக்கினால் 24/25, அது 96 விழுக்காடு. தாள் 1இல் கால்குலேட்டர் கிடையாது, அதனால் 1.2, 0.8 என்று தசமத்தில் தொங்காமல் பின்னத்தில் போவதுதான் வேகம். 25 விழுக்காடு கூடினால் 5/4, 50 கூடினால் 3/2, 60 கூடினால் 8/5, 40 குறைந்தால் 3/5. இவை வாயில் வரவேண்டும். முக்கோணமும் இப்படித்தான். அடிப்பக்கம் 50 விழுக்காடு கூடி உயரம் 40 விழுக்காடு குறைந்தால் 3/2 பெருக்கல் 3/5, அதாவது 9/10. பரப்பளவு 10 விழுக்காடு குறைவு. சூத்திரத்தில் இருக்கும் அந்த அரை, முன்பும் பின்பும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது.

ஊரில் வங்கித் தேர்வுக்குப் படித்த அப்பாக்கள் சிலருக்கு ஒரு குறுக்குவழி தெரியும். இரண்டு விழுக்காட்டையும் கூட்டி, அவற்றின் பெருக்கலை நூறால் வகுத்துச் சேர்ப்பது. தவறில்லை, விடை வரும். ஆனால் குறைவு வந்தால் மைனஸ் எண்ணைப் பெருக்க வேண்டும், அந்தப் பாடம் இங்கே உயர்நிலை 1இல்தான் வருகிறது. பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தேர்வு அறையில் குறியைத் தொலைத்துவிட்டு நிற்கும். எனக்கு அந்த வழி பிடிக்காது.

இனி வட்டம். மதிப்பெண்ணும் நேரமும் அதிகம் வீணாவது இங்கேதான். 14 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஆரம் 50 விழுக்காடு கூடுகிறது, பரப்பளவு எத்தனை விழுக்காடு கூடும்? 22/7ஐப் பார்த்துப் பழகிய கை சும்மா இருக்காது. பழைய பரப்பளவு 616, புதியது 1386, வித்தியாசம் 770, அதை 616ஆல் வகுத்து 125 விழுக்காடு. விடை சரி. ஆனால் அரைப் பக்கம் போய்விட்டது. பை என்ற அந்த 22/7 முன்பும் பின்பும் ஒன்றே, அதைத் தொடவே வேண்டாம். ஆரம் 3/2 மடங்கு, பரப்பளவில் ஆரம் இரண்டு தடவை வருகிறது, ஆகவே 3/2 பெருக்கல் 3/2, அதாவது 9/4. நூற்றுக்கு 225. கூடியது 125. 14 என்ற எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

225 என்று எழுதிவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் ஏராளம். புதிய வட்டம் பழையதைப் போல 225 விழுக்காடு. கேட்டது எவ்வளவு கூடியது என்பது. நூறைக் கழிக்கவேண்டும். என் மேசையில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் "கூடியதா, மொத்தமா?" என்று எழுதிய பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போகலாம். வட்டத்தின் சுற்றளவில் ஆரம் ஒரு தடவைதான் வருகிறது, ஆகவே அதுவும் 50 விழுக்காடுதான் கூடும். அரைவட்டம், கால்வட்டம் என்று வந்தாலும் முழு உருவமும் ஒரே அளவில் பெரிதானால் கணக்கு இதேதான்.

தலைகீழாகவும் கேட்பார்கள். சதுரத்தின் பரப்பளவு 44 விழுக்காடு கூடியது, பக்கம் எவ்வளவு கூடியது? 22 என்று பாதியாக்குவது இயல்பான தவறு. 100இலிருந்து 144. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 144? பன்னிரண்டு. பத்து பன்னிரண்டானது, 20 விழுக்காடு. இன்னொன்று: செவ்வகத்தின் நீளம் 25 விழுக்காடு கூடியும் பரப்பளவு மாறவில்லை, அகலம் எவ்வளவு குறைந்தது? நீளம் 5/4 என்றால் அகலம் 4/5 ஆகவேண்டும், அப்போதுதான் பெருக்கல் ஒன்றாகும். விடை 20, இருபத்தைந்து இல்லை.

தண்ணீர்த் தொட்டிக் கேள்வி இதே கணக்குதான், வேறு சட்டை போட்டு வரும். முதல் தொட்டியில் தண்ணீர் 24 சென்டிமீட்டர் உயரம். அதை அடிப்பரப்பு 60 விழுக்காடு அதிகமான இன்னொரு தொட்டியில் சிந்தாமல் ஊற்றினால் உயரம் என்ன? அடிப்பரப்பு 8/5, ஆகவே உயரம் 5/8. 24இல் எட்டில் ஐந்து 15. உயரம் 37.5 விழுக்காடு குறைந்தது.

மடங்கு முறை கைகொடுக்காத இடமும் உண்டு. உருவத்தின் ஒரு பகுதி மட்டும் மாறினால் உண்மையான எண்களுக்குத் திரும்பவேண்டும். 40க்கு 25 சென்டிமீட்டர் அட்டை. நான்கு மூலையிலும் 5 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடுக்கிறோம். பரப்பளவு 1000இலிருந்து 900, 10 விழுக்காடு குறைவு. சுற்றளவு? எல்லாரும் குறையும் என்பார்கள். நான் கத்தரிக்கோலையும் பழைய தானியப் பெட்டி அட்டையையும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு மூலையை வெட்டினால் வெளிப்பக்கம் ஐந்தும் ஐந்தும் போகிறது, உள்ளே புதிதாக ஐந்தும் ஐந்தும் முளைக்கிறது. 130 அப்படியே 130. மாற்றம் பூஜ்யம் விழுக்காடு. விரலால் ஓரத்தைத் தடவி எண்ணிப் பார்க்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

பார் மாடல், அதாவது கேள்வியில் வரும் அளவுகளை நீளப் பட்டைகளாக வரைந்து பார்க்கும் முறை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நீளத்துக்கும் பணத்துக்கும் அது அருமையான கருவி. பரப்பளவுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை. பட்டை ஒரு பக்கம்தான் நீளும், பரப்பளவு இரண்டு பக்கமும் நீளும். கட்டத்தாள் போதும்.

தாள் 2இல் கால்குலேட்டர் உண்டு என்பதற்காக விடையை மட்டும் எழுதி வைக்கக் கூடாது. நீளமான கேள்விகளில் செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. பழைய அளவு, புதிய அளவு, வித்தியாசம், எதால் வகுத்தோம் என்ற நான்கும் தாளில் தெரியவேண்டும். வகுப்பது எப்போதும் பழைய அளவால்.

வீட்டில் போட்டுப் பார்க்க நான்கு கேள்விகள். கனசதுரத்தின் பக்கம் 10 விழுக்காடு குறைந்தால் கன அளவு? வட்டத்தின் விட்டம் 30 விழுக்காடு குறைந்தால் பரப்பளவு? முக்கோணத்தின் பரப்பளவு மாறாமல் அடிப்பக்கம் 60 விழுக்காடு கூடினால் உயரம்? நீளம், அகலம் 3:2 விகிதத்தில் உள்ள செவ்வகத்தில் நீளம் 10, அகலம் 20 விழுக்காடு கூடினால் சுற்றளவு? விடைகள் வரிசையாக: 27.1 குறைவு, 51 குறைவு, 37.5 குறைவு, 14 கூடுதல். கடைசியில் 32 வந்திருந்தால் பிள்ளை பரப்பளவைக் கண்டுபிடித்திருக்கிறது. 15 வந்திருந்தால் இரண்டு விழுக்காட்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறது.