குடியுரிமையால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

பாஸ்போர்ட்தான் குடியுரிமை என்று நினைப்பவர்கள் நிறைய. அது வெறும் சான்றுதான். பாஸ்போர்ட் காலாவதியானாலும் குடியுரிமை போய்விடாது.

முதலில் உங்களுக்கு அது எந்த வழியில் வந்தது என்று பாருங்கள். கனடாவிலும் பிரேசிலிலும் அந்த மண்ணில் பிறந்தாலே பெரும்பாலும் போதும், ஜப்பானில் பொதுவாக அப்பாவோ அம்மாவோ ஜப்பானியராக இருக்க வேண்டும். விண்ணப்பித்து வாங்கியவர் என்றால் பழைய நாடு என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இந்தியாவைப் போல, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதுமே பழையது தானாகப் போய்விடும் நாடுகள் உண்டு.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், மனிதராக இருப்பதாலேயே உள்ள உரிமைகள்: சித்திரவதைக்கு ஆளாகாமல் இருப்பது, நியாயமான விசாரணை. வலப்பக்கம், குடிமக்களுக்கு உரியவை: நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு, வேட்பாளராக நிற்பது, சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவது. (நியூசிலாந்தில் நிரந்தரமாக வசிப்பவர்களும் வாக்களிக்கலாம், அது விதிவிலக்கு.) திரும்பி வரும் உரிமையை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, ஆனால் என் கணக்கில் அதுதான் பெரிது. பல வருடம் வாழ்ந்த வெளிநாட்டில்கூட உங்கள் விசாவை ரத்து செய்து வெளியே அனுப்ப முடியும்.

வலப்பக்கத்தில் இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் கைதானால் சொல்ல வேண்டிய வாக்கியம்: "என் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்." இந்த உரிமையைத் தருவது தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 36ஆவது பிரிவு. தூதரகம் உங்களைச் சிறையிலிருந்து மீட்டுவிடாது, ஆனால் வந்து பார்க்கும், வக்கீல் ஏற்பாடு செய்ய உதவும்.

சரி, கடமைகள். பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியலை நம்பாதீர்கள், எதை மீறினால் தண்டனை என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் தகுந்த காரணமின்றி வாக்களிக்காவிட்டால் அபராதம், தென்கொரிய ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். இந்திய அரசியலமைப்பில் 1976இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளோ, அவற்றுக்கெனத் தனிச் சட்டம் இல்லாதவரை யாரையும் தண்டிக்காது. வரி பெரும்பாலும் வசிக்கும் இடத்தைப் பொறுத்தது, அமெரிக்கா போன்ற மிகச் சில நாடுகள்தான் தம் குடிமக்களிடம் அவர்கள் எங்கே இருந்தாலும் கணக்குக் கேட்கும்.

கடைசியாக, காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல், மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வாக்குச்சாவடி வரிசையில் நின்று, முறை வந்தபின் பெயர் இல்லை என்று தெரிந்தால் பல நாடுகளில் அன்றைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை.