மிஷனரி ஆசிரியரின் வாழ்க்கையைப் பழைய கடிதங்களிலிருந்து தொகுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஆசிரியர்களைப் பற்றித் தேடத் தொடங்கியதும் முதலில் இடறுவது ஊர்ப்பெயரில்தான். அவர்களில் ஒருவரான டானியல் புவர் 1823இல் செமினரி என்ற உயர்கல்விப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற வட்டுக்கோட்டை, அவர்கள் எழுத்தில் ‘பட்டிகோட்டா’. தெல்லிப்பழை ‘தில்லிபள்ளி’, உடுவில் ‘ஊடூவில்’. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் கைக்கு ஒன்றும் வராது. பட்டிகோட்டாவை மட்டக்களப்பு (ஆங்கிலத்தில் ‘பட்டிகலோ’) என்று எண்ணிக் கிழக்குக் கரைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. ஆகவே பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சான கடிதங்கள் பாஸ்டனில் வெளிவந்த ‘மிஷனரி ஹெரால்ட்’ இதழில் இருக்கின்றன. 1821க்கு முந்தியவற்றை ‘பனோப்ளிஸ்ட்’ இதழில் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பழைய அச்செழுத்தைக் கணினி தப்பாகப் படிக்கும். தேடுபெட்டியை நம்பாமல், தொகுதியின் பொருளடக்கத்தையும் அகரவரிசைச் சுட்டியையும் கண்ணால் பார்ப்பதே மேல்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு தேதி குறியுங்கள்: எழுதியது, அச்சானது. புவர் குழுவினர் 1815 அக்டோபரில் நியூபரிபோர்ட்டில் கப்பலேறி, கொழும்பில் இறங்கியது 1816 மார்ச்சில். கடிதமும் அதே கடலைத்தான் கடந்தது. இதழின் மாதத்தை நிகழ்ச்சியின் மாதமாக எடுத்தால் வரிசையே புரண்டுவிடும்.

பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 1820இல் வரும் ‘மிசஸ் புவர்’ வேறு, 1830இல் வருபவர் வேறு. முதல் மனைவி சூசன் 1821இல் இறந்தார். பின்னர் புவர் ஆன் நைட்டை மணந்தார். பெயர் இல்லாத இடத்தில் ஆண்டை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

1836 முதல் 1841 வரை இலங்கைக் கோப்பில் புவரைக் காணோமே என்று குழம்ப வேண்டாம். அவர் மதுரையில் இருந்தார். மதுரை மிஷன் கோப்பைப் புரட்டுங்கள்.

அச்சில் வந்தது பாஸ்டனில் வெட்டித் திருத்தியது. நன்கொடையாளர் படிக்க வேண்டுமல்லவா. சண்டை, சலிப்பு, பணத்தட்டுப்பாடு எல்லாம் கையெழுத்துப் பிரதியில் தேட வேண்டியவை. அவை ஹார்வர்டின் ஹாட்டன் நூலகத்தில் உள்ளன.

மாணவர் பட்டியல் இன்னொரு சிக்கல். விடுதிப் பிள்ளைகளுக்கு நன்கொடையாளர் சொன்ன அமெரிக்கப் பெயரைச் சூட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் ‘கறோல்’ நிற்பதைப் பாருங்கள். அந்நியப் பெயரைக் கண்டவுடன் வெள்ளைக்காரர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.