ஹார்ன்பில் விழாவுக்குப் போகிறீர்களா? மொரங்கில் உட்காருங்கள்

நாகாலாந்தின் ஹார்ன்பில் திருவிழா ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 1 முதல் 10 வரை கிசாமாவில் நடக்கிறது, கோஹிமாவிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2000-இல் தொடங்கிய விழா.

முதல் வேலை இன்னர் லைன் பெர்மிட். நாம் இந்தியர்தான் என்றாலும் அது இல்லாமல் உள்ளே போக முடியாது, ஆன்லைனிலேயே விண்ணப்பித்துவிடலாம். அப்புறம் தங்குமிடம். சில மாதங்கள் முன்பே பிடித்துவிடுங்கள். பக்கத்து ஊரான கிக்வெமாவில் ஹோம்ஸ்டே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ரயில், விமானம் இரண்டுக்குமே திமாப்பூரில் இறங்க வேண்டும், அங்கிருந்து கோஹிமாவுக்கு மலைப்பாதையில் சுமார் 70 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து கோவை, சேலம் வழியாகப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் திமாப்பூரில் நிற்கும், ஆனால் கிட்டத்தட்ட மூன்று நாள் ரயிலிலேயே இருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று. பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு, மைதானத்தில் நாகா இனத்தவரின் ஆட்டபாட்டத்தைப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது. ஆட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் விழாவின் உயிர் மொரங்குகளில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர் இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, பாட்டும் கதையும் போர்முறையும் பெரியவர்களிடம் கற்றுக்கொண்ட கூடம்தான் மொரங். அங்காமி, ஆவோ, கொன்யாக், லோத்தா, சுமி என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனி மொரங் கிசாமாவில் உண்டு, முகப்பு வேலைப்பாட்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு மொரங் போதும். அடுப்படியில் உட்கார்ந்து, மூங்கில் குவளையில் அரிசிக் கள்ளோ தேநீரோ வாங்கிக்கொண்டு, தலையில் செருகியிருக்கும் இறகுக்கு என்ன அர்த்தம், இப்போது பாடியது விதைப்புப் பாட்டா அறுவடைப் பாட்டா என்று கேளுங்கள். ஒரே மரத்தைக் குடைந்து செய்த பெரிய மரமுரசைப் பலர் வரிசையாக நின்று அடிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டால் நெஞ்சுக்குள் அதிரும்.

படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், பச்சை குத்திய கொன்யாக் முதியவர்களிடம் இன்னும் பணிவாக. அவர்கள் காட்சிப்பொருள் இல்லை.

சாப்பாட்டில் ஆக்சோனி போட்ட பன்றிக்கறியைத் தவறவிடாதீர்கள், அது புளிக்கவைத்த சோயா, வாசனை தூக்கலாக இருக்கும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராஜா மிளகாயில் கவனம்!

நாலரை மணிக்கே இருட்டிவிடும், குளிரும் இறங்கும். ஸ்வெட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள், திரும்புவதற்கான வண்டியை மதியமே பேசி வைத்துவிடுங்கள்.