நான்கு பாத்திரம், ஒரே பொட்டலம்

சென்ற மாதம் என் தம்பி மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கையில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு பிரெஞ்சு பிரஸ் (ஊறிய பொடியைச் சல்லடையால் கீழே அழுத்துகிற ஜாடி), ஓர் இத்தாலிய மோக்கா பாத்திரம் (அடுப்பில் வைத்தால் தண்ணீர் பொடி வழியாக மேல் அறைக்கு ஏறும்), காகித வடிகட்டியை வைக்கிற பீங்கான் கூம்பு. எங்கள் வீட்டுப் பித்தளை பில்டரையும் எடுத்து, இரண்டாம் கட்டில் நான்கையும் வரிசையாக அடுக்கினான். "அயித்தை, எதில் போட்டால் நல்ல காபி என்று இன்றைக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுவோம்" என்றான். பிறகு அன்று காலை காரைக்குடியில் வாங்கிய பில்டர் காபிப் பொடிப் பொட்டலத்தைப் பிரித்து, நான்கிலும் அதையே போட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே இடத்தில் உட்கார்ந்து இதையேதான் செய்தேன்.

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் நான்கு அறைகளை விருந்தினருக்கு விட்டிருக்கிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு விடிந்ததும் டபராவில் நுரை நிற்க வேண்டும். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் பாலைக் கண்டாலே கையை ஆட்டி மறுப்பார்கள். அதனால் எல்லா விதமாகவும் காபி போடக் கற்றுக்கொண்டேன். கற்கிற வழியில் கணிசமாகப் பணத்தையும் தொலைத்தேன். பால் பொங்கி வழிவதையும் பில்டரைக் கழுவாமல் வைப்பதையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆச்சி இருப்பார். பாத்திரம் மாற்றிக் காபி போட்டு ஒப்பிடுகிறவர்கள் செய்கிற தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒரே பொடியை எல்லாவற்றிலும் போடுவது

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். பொடி ஒன்று, தண்ணீர் ஒன்று, பாத்திரம் மட்டும் வேறு. ஆகவே ருசியில் தெரிகிற வித்தியாசம் பாத்திரத்தினுடையது. தம்பி மகன் பொறியாளன், இந்த வாதத்தை அடித்துப் பேசினான். வெள்ளைப் பணியாரத்துக்கு அரைத்த மாவை முறுக்குக் குழலில் போட்டுப் பிழிந்துவிட்டு, குழல் சரியில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

தண்ணீரும் பொடியும் எவ்வளவு நேரம் சேர்ந்து இருக்கின்றன என்பதில்தான் சூட்சுமம். பித்தளை பில்டரில் டிகாஷன் இறங்க இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட ஆகும். பிரஸில் நான்கு நிமிடம் ஊறுகிறது. காகிதக் கூம்பில் மூன்று நிமிடத்தில் வடிந்துவிட வேண்டும். மோக்காவில் நீராவி தள்ளுகிற வேகத்தில் தண்ணீர் பொடிக்குள் புகுந்து மேலே ஏறிவிடுகிறது. பொடி எவ்வளவு மென்மையோ அவ்வளவு சீக்கிரம் சாரம் இறங்கும். அதோடு தண்ணீர் போகிற வழியும் அடைபடும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அரைவை இருக்கிறது. பில்டர் பொடியை விரலிடுக்கில் தேய்த்தால் லேசாக நறநறக்க வேண்டும். மோக்காவுக்குப் பொடி உப்புப் பதம். கூம்புக்குப் பொடி ரவை. பிரஸுக்கு இடித்த கல்லுப்பு மாதிரி, பார்த்தாலே கொரகொரப்புத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் தெரியாமல் நான் முதலில் வாங்கிய பிரஸின் விலை 1,400 ரூபாய். பில்டர் பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்துக் குமிழைப் பிடித்து அழுத்தினேன். பாதி வழியில் நின்றுவிட்டது. மென்பொடி சல்லடைக் கண்களை அடைத்துக்கொண்டு களி மாதிரி இறுகிக் கிடந்தது. எனக்கு அது தெரியுமா? எழுந்து நின்று இரண்டு கையாலும் உடல் பாரத்தைப் போட்டு அழுத்தினேன். மூடி இடுக்கில் காபி பீறிட்டு மணிக்கட்டில் அடித்தது. கையை உதறியதில் கண்ணாடி ஜாடி தரையில் விழுந்து சிதறியது. ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையில் காபி ஓடியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தத் தழும்பு இன்றும் நகத்தளவு இருக்கிறது.

தழும்புகூட எரிச்சல் இல்லை. அதன் பிறகு நான் செய்ததுதான் எரிச்சல். பாத்திரம் மட்டம் என்று முடிவு கட்டி, இன்னும் விலை கூடிய கண்ணாடி பிரஸ் ஒன்றை வாங்கினேன். அதிலும் அதே பொடி, அதே களி, அதே கசப்பு. மூன்றாவதாக எவர்சில்வரில் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. "நம் ஊருக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு அதையும் பரணில் ஏற்றினேன். ஒரு மார்கழியில் தங்க வந்த பிரெஞ்சுப் பெண்மணி ஒருவர் பிரஸ் இருக்கிறதா என்று கேட்க, தூசி தட்டி இறக்கிக் கொடுத்தேன். அவர் தன் பையிலிருந்து கைராட்டினம் போன்ற சின்ன அரைவை இயந்திரத்தை எடுத்து, கொட்டையை அரைத்துப் போட்டார். நான்கு நிமிடம் கழித்து ஆள்காட்டி விரலை மட்டும் குமிழின் மேல் வைத்தார். அது எண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கொட்டையை வாங்கி மிக்ஸியில் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தாகிவிட்டது. மிக்ஸியின் கத்தி அகப்பட்டதை வெட்டும், அகப்படாததை விட்டுவிடும். பாதி மாவு, பாதி குருணை. மாவு கசக்கும், குருணை சாரம் விடாது, ஒரே கோப்பையில் இரண்டும் சேரும். வேறு வழியில்லை என்றால் விட்டு விட்டு அடித்து, ரவை சல்லடையில் சலியுங்கள். மேலே தங்குவது பிரஸுக்கு, கீழே விழுவது பில்டருக்கு. பொடிக்கடையில் அரைக்கச் சொல்வதானால் எந்தப் பாத்திரத்துக்கு என்று சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். முதல் கைப்பிடியைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் வாயில் உங்களுக்கு முன்னால் வந்தவரின் சிக்கரிப் பொடி தங்கியிருக்கும்.

தம்பி மகனின் போட்டி என்ன ஆயிற்று என்றால், பிரஸ் பாதியில் நின்றது (நல்ல வேளை, அவன் அழுத்தவில்லை). கூம்பு பதினொரு நிமிடம் சொட்டியது. மோக்கா பக்கவாட்டு வால்வு வழியாகச் சீறியது. பில்டர் காபி கள்ளிச்சொட்டாக வந்தது. "பார்த்தீர்களா, நம் பில்டர்தான் ஜெயித்தது!" என்றான். பில்டருடைய பொடியிலேயே போட்டி வைத்தால் வேறு எது ஜெயிக்கும்?

பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காதது

காபி, சிக்கரிக் கலவை என்றால் அதில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இரண்டின் விகிதத்தையும் உறையில் அச்சிட்டாக வேண்டும். படித்துப் பாருங்கள், சில பொட்டலங்களில் கிட்டத்தட்டப் பாதி சிக்கரி. அது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது, அதில் கஃபீன் கிடையாது. தண்ணீரில் காபியைவிட மிகத் தாராளமாகக் கரைந்து, கருமையும் கனமும் கொடுக்கும். பாலை எதிர்த்து நிற்க அந்தக் கனம் வேண்டும் என்பதால் என் காலைக் காபியிலும் 80க்கு 20 உண்டு, அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் ஊறிப் பிசுபிசுக்கிற அந்த வேர்த்தூள் காகிதத்தையும் மோக்காவின் சல்லடையையும் அடைக்கும். அடைக்காவிட்டாலும் எல்லாக் கோப்பையிலும் ஒரே சிக்கரி ருசிதான் தெரியும். ஒப்பிடுகிற அன்றைக்கு மட்டுமாவது சிக்கரி கலக்காத காபி, பீபெரி அல்லது பிளாண்டேஷன் என்கிற கொட்டை வகை, வாங்குங்கள்.

மோக்காவை ஏற்றிவிட்டுக் குளிக்கப் போவது

1933இல் இத்தாலியில் அல்போன்சோ பியாலெட்டியின் பெயரில் வந்த பாத்திரம் இது. பக்கத்தில் இருக்கிற வால்வு அழகுக்கு வைத்ததில்லை. வழி அடைபட்டால் நீராவி வெளியேற அது ஒன்றுதான் கதி. தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்க வேண்டும். பொடியைக் கரண்டியால் தட்டி இறுக்கக்கூடாது. சிறு தீயில் வைத்து, மேல் அறையில் களகளவென்று சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏறுவது கருகல்.

பில்டரின் குடையை அழுத்தித் திருகுவது

வேண்டாம். குடை என்கிற அந்தத் துளைத்தட்டு பொடியின் மேல் படிந்தால் போதும்.

நான்கிலும் பால் ஊற்றிப் பார்ப்பது

பில்டரில் நான் 20 கிராம் பொடிக்கு 100 மில்லி தண்ணீர் ஊற்றுகிறேன். பிரஸில் ஒரு லிட்டருக்கு 60 கிராம். அதாவது டிகாஷனுக்கு மூன்று மடங்குக்கும் மேல் பொடி. அதை முக்கால் டம்ளர் பாலில் விட்டால் காபி. பிரஸ் காபியை விட்டால் பால் கழுவிய தண்ணீர். பிரஸும் கூம்பும் பாலில்லாமல் குடிப்பதற்கு என்றே வந்தவை. முதலில் வெறும் வாயில் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். கூம்பில் வடித்தது தெளிவாக, தேநீர் போல இருக்கும். காபியின் எண்ணெய்ப் பசையைக் காகிதம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ட்ரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி 1908இல் மகனுடைய நோட்டுப் புத்தகத்து ஒற்றுத்தாளைக் கிழித்து வடிகட்டியதும் வாயில் மண்டி அகப்படக்கூடாது என்பதற்காகத்தான். பிரஸில் அந்த எண்ணெயும் கொஞ்சம் மண்டியும் சேர்ந்தே வரும். கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் தினமும் குடிக்கக் காகிதம்தான் மேல்.

பொடியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது

ஈரமும் நேற்றைய மீன் குழம்பு வாசமும் ஏறும்.

துணி வடிகட்டியைச் சோப்புப் போட்டுத் துவைப்பது

என் ஐயா பினாங்கில், நகரத்தார் வட்டிக்கடைகள் இயங்கிய கிட்டங்கியில் இருந்தவர். அங்கே கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுத்து, நீளத் துணிப் பையில் வடித்து, டின் பாலைக் கலப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு ஒரு துணிப் பையையும் ஊருக்குக் கொண்டுவந்தார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருநாள் அதைத் துணிகளோடு சோப்பில் போட்டுவிட்டது. ஒரு வாரம் காபியில் சோப்பு மணத்தது. வெந்நீரில் அலசினால் போதும். காயவிடாமல் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

தண்ணீரைக் கணக்கில் எடுக்காதது

காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசினால் சிரிக்காதீர்கள். பாலும் சிக்கரியும் இல்லாத காபியில் தண்ணீர் அப்படியே வெளியே தெரியும். உப்பேறிய ஆழ்குழாய்த் தண்ணீரும் ஆகாது. உப்பெல்லாம் உறிஞ்சப்பட்ட சுத்திகரிப்பு இயந்திரத் தண்ணீரில் காபி மொட்டையாக இருக்கும். கூம்புக்கும் பிரஸுக்கும் கொதித்ததை இறக்கி அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள். 92 முதல் 96 டிகிரி வரை இருந்தால் சரி.

ஒரே உட்காரலில் தீர்ப்புச் சொல்வது

மூன்றாவது கோப்பைக்கு மேல் நாக்கு மரத்துவிடும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். தம்பி மகனுக்கு விடுமுறை அவ்வளவு இல்லை. இரண்டு நாள் பிரஸில் மட்டும் போட்டான், என் சல்லடையில் சலித்த குருணையை வைத்து. ஊருக்குக் கிளம்பும்போது அவன் கொண்டுவந்த பிரஸை எனக்கே விட்டுவிட்டுப் போனான். பரணில் இன்னொன்று சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து ரவை சலிக்கப் போனபோதுதான் பார்த்தேன், சல்லடையைக் காணவில்லை.