வெள்ளப் பாதிப்பை ஆண், பெண் எனப் பிரித்து மதிப்பிடுவது எப்படி?

வெள்ளம் வடிந்ததும் நடக்கும் கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை வீட்டையே அலகாகக் கொள்கின்றன. எத்தனை வீடுகள் இடிந்தன, எவ்வளவு பயிர் அழுகியது, எத்தனை மாடுகள் அடித்துச் செல்லப்பட்டன என்ற கேள்விகளுக்குக் குடும்பத் தலைவராகப் பதிவாகியுள்ள ஒருவர் விடை சொல்கிறார். அவர் பெரும்பாலும் ஆணாக இருக்கிறார். கிடைக்கும் தகவல் பொய்யாக இருப்பதில்லை, ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களில் யார் எதை இழந்தார், இழப்புக்குப் பிறகு யாருடைய வேலை கூடியது என்பது அதில் வராது. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது அலகைத்தான். வினாத்தாளின் ஒவ்வொரு வரியிலும் ‘வீட்டில் யாருக்கு?’ என்பது சேர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் தொடக்கத்திலேயே தேவைப்படுகிறது. வங்கதேசத்தில் 1991 ஏப்ரல் மாதப் புயலின்போது கடல் உட்புகுந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 20 முதல் 44 வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் பெண்களுக்கு 71 பேரும், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேரும் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டது. புயல் எச்சரிக்கை ஆண்கள் கூடும் பொது இடங்களோடு நின்றுவிட்டதும், குழந்தைகளையும் முதியவர்களையும் விட்டுப் புறப்பட முடியாத நிலையும், வெளியே சென்ற கணவரின் சொல்லுக்காகக் காத்திருந்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆஸ்திரேலியாவிலோ வெள்ளத்தில் இறப்பவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். நீர் ஓடும் சாலையில் வாகனத்தை இறக்குவது அங்கே முக்கியமான காரணமாக இருக்கிறது. வேறுபாடு உண்டு என்பது மட்டுமே உறுதி; அது எந்தப் பக்கம் சாயும் என்பதை இடம்தான் தீர்மானிக்கிறது. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறவர் அதற்கு ஒத்துவரும் விடைகளை மட்டுமே கேட்டுக்கொண்டு திரும்புவார்.

புறப்படுவதற்கு முன்

மக்கள்தொகை விவரத்தைப் பால், வயது, மாற்றுத்திறன் ஆகிய மூன்றின் அடிப்படையிலும் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். பேரிடர்த் தரவுகளை இவ்வாறு பிரித்துத் திரட்ட வேண்டும் என்று பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட, 2015 முதல் 2030 வரைக்குமான சென்டாய் செயல்திட்டமும் வலியுறுத்துகிறது. பெண்களே நடத்தும் குடும்பங்கள் எத்தனை, நில உரிமை யார் பெயரில் இருக்கிறது, கைப்பேசி யாரிடம் இருக்கிறது, வெள்ளம் வந்த பருவத்தில் வேலைக்காக வெளியூர் போயிருந்தவர்கள் யார் என்பவற்றையும் முன்கூட்டியே அறிவது நல்லது. சிலவற்றைக் கேட்காமலேயே கணக்கிடலாம். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 20 பிறப்பு என்றால், பத்தாயிரம் பேர் வாழும் பகுதியில் எந்த நாளிலும் ஏறக்குறைய 150 கர்ப்பிணிகள் இருப்பார்கள். முகாம் பதிவேட்டில் அந்த எண்ணிக்கை பத்தாக இருந்தால், மற்றவர்கள் எங்கே என்று தேடத் தொடங்கலாம்.

யாரிடம், எப்படிக் கேட்பது

குழுவில் பெண்களும் ஆண்களும் இருக்க வேண்டும்; பெண்களிடம் பெண்களும் ஆண்களிடம் ஆண்களும் தனித்தனியாகப் பேச வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததுதான். வயதைப் பிரிக்க மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். மூத்தவர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் இளம்பெண்கள் தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள், இளைஞர்களும் அப்படியே. ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள் போதும். கூட்டத்துக்கான நேரத்தைச் சமையலும் தண்ணீர் எடுப்பதும் முடிந்த வேளையாகப் பார்த்து, அவர்களையே கேட்டு முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஒருவரையும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஊரில் அறியப்பட்ட ஒரு பெண் பிரதிநிதியின் கருத்து எல்லாப் பெண்களின் கருத்தாகிவிடாது. கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஒதுக்கப்பட்ட பிரிவினர், திருநங்கைகள் ஆகியோர் கூட்டத்துக்கு வருவதே அரிது என்பதால், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

வன்முறை பற்றிய கேள்வியில் மிகுந்த கவனம் வேண்டும். ‘உங்களுக்கு ஏதேனும் நேர்ந்ததா?’ என்று தனிநபரிடம் கேட்பது, அதைச் சொன்னவரைப் பாதுகாக்கவும் சிகிச்சைக்கு அனுப்பவும் ஏற்பாடு இல்லாதபோது, தகவலுக்காக ஒருவரை ஆபத்தில் தள்ளுவதாகும். எந்தப் பாதையில் தனியாகப் போகத் தயங்குகிறார்கள், இரவில் கழிப்பறைக்கு யாருடன் போகிறார்கள், உதவி தேவைப்பட்டால் யாரிடம் செல்வார்கள் என்று பொதுவாகக் கேட்டாலே திட்டமிடலுக்குத் தேவையானது கிடைத்துவிடும். யாராவது தாமாகவே சொன்னால், எங்கே அனுப்புவது என்பது குழுவினர் அனைவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்விகளைத் திருத்துதல்

மதிப்பீட்டின் தரம் பெரும்பாலும் கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. ‘எச்சரிக்கை கிடைத்ததா?’ என்றால் ‘கிடைத்தது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது யார் வழியாக, எத்தனை மணிக்கு வந்தது, உங்கள் காதுக்கே வந்ததா, புறப்படலாம் என்று சொன்னது யார், கடைசியாக வெளியேறியது யார் என்று கேட்டால் அந்த இரவின் வரிசை முழுவதும் தெரியும். வீட்டைக் காவல் காக்கவும், கால்நடையை மீட்கவும், பிறரைக் கரைசேர்க்கவும் ஆண்கள் பின்தங்கியிருந்தால் அதுவும் இங்கேதான் வெளிப்படும்.

‘உங்கள் தொழில் என்ன?’ என்ற கேள்வியும் அப்படித்தான். ‘இந்த வீட்டில் எந்தெந்த வேலையால் பணமோ உணவோ கிடைத்தது, அதைச் செய்தது யார்?’ என்று மாற்றிக் கேட்டால், ‘வேலை எதுவும் இல்லை’ என்று எழுதப்படவிருந்த பெண் கோழி வளர்த்ததும், தையல் இயந்திரம் வைத்திருந்ததும், விதை சேமித்ததும் பட்டியலில் ஏறும். இழப்பீட்டுப் படிவங்களில் நிலமும் மாடும் தவறாமல் இடம்பெறுகின்றன; வீட்டுக்குள் நடந்த தொழிலின் கருவிகள் பல நேரங்களில் இடம்பெறுவதில்லை.

எனக்கு மிகவும் பயன்படுவது நாள் அட்டவணை. வெள்ளத்துக்கு முந்தைய ஒரு சாதாரண நாளையும் இன்றைய நாளையும் விழித்தது முதல் உறங்குவது வரை மணிவாரியாகப் பெண்கள் குழு ஒன்றும், ஆண்கள் குழு ஒன்றும் தனித்தனியாக வரைய வேண்டும். தண்ணீருக்கும் விறகுக்கும் போகும் நேரம், சேறு அள்ளும் நேரம், நோயாளியைப் பார்க்கும் நேரம், நிவாரண வரிசையில் நிற்கும் நேரம் ஆகியவை எங்கே சேர்ந்தன, எதை வெட்டிச் சேர்ந்தன என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஆண்களிடம் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும். தேங்கிய நீரில் வேலை செய்ததால் வந்த காய்ச்சல், பழுதுபார்க்கும்போது பட்ட காயம், கூலிக்காக ஊரைவிட்டுப் போனது, புதிய கடன், குடிப்பழக்கம் ஆகியவற்றை ஆண்கள் கூட்டத்தில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். தனியாகப் பேசினால் சிலர் சொல்வார்கள்.

முகாமைப் பொறுத்தவரை, கேட்பதைவிடப் பார்ப்பது மேல். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கும் ஆண்களுக்கும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பவை, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்துள்ள ஸ்பியர் (Sphere) கையேட்டின் அளவுகள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே தாழ்ப்பாள், விளக்கு, மாதவிடாய்த் துணியை அலசவும் நாப்கினை அப்புறப்படுத்தவும் இடம் ஆகியவை இருக்கின்றனவா என்று திறந்து பார்க்க வேண்டும்.

விவரங்களைத் தொகுக்கும்போது சராசரிக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது. ஆண், பெண் என்ற இரு நெடுவரிசைகளுக்குள் வயதையும் வருமானத்தையும் சேர்த்துப் பிரித்தால், வசதியான வீட்டுப் பெண்ணைவிடக் கூலிக்கு வந்த ஆண் அதிகம் இழந்த இடங்களும் தெரியவரும். ஒவ்வொரு கண்டறிதலுக்கும் எதிரே அது மாற்ற வேண்டிய முடிவை எழுத வேண்டும்: நிவாரணத் தொகை யார் கணக்கில் போடப்படுகிறது, புதிய வீட்டின் உரிமை இருவர் பெயரிலும் பதியப்படுமா, அடுத்த எச்சரிக்கை எந்த வழியில் அனுப்பப்படும். வரைவை அதிகாரிகளிடம் கொடுப்பதற்கு முன் அதே குழுக்களிடம் தனித்தனியாகப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மீண்டும் செல்ல வேண்டும். பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகள், முன்கூட்டியே நடந்த திருமணங்கள், அடைபடாத கடன், திரும்பி வராத ஆண்கள் ஆகியவை முதல் சுற்றில் தென்படாதவை. முன்பு பேசியவர் வீட்டில் இல்லையென்றால் அவருக்குப் பதிலாக இன்னொருவரின் விடையை நிரப்பாமல், அவர் எங்கே போனார், ஏன் போனார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.