முட்டைப் பெட்டி மூடியில் நீர் சொட்டினால்

சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் தராது. இது உரிமம் உள்ள ஒரு விலங்குக் கூடத்தில், பந்து மலைப்பாம்பின் முட்டைகளோடு செய்த வேலை.

தாய் சுற்றிப் படுத்து அடைகாப்பதே எனக்குப் பிடித்த வழி. முட்டையின் ஈரத்தைத் தாயின் சுருளே காக்கும். ஆனால் ஏறக்குறைய இரண்டு மாதம் தாய் பெரும்பாலும் இரை எடுக்காது. இந்தத் தாய் ஏற்கெனவே மெலிந்திருந்ததால் முட்டைகளை எடுத்தாக வேண்டியிருந்தது.

பெட்டிக்குள் 31.5 டிகிரி, வெளியே ஏர்கான் 23 டிகிரி. மூடியில் நீர் கோத்து முட்டைமேல் சொட்டியது. சொட்டிய இடத்தில் பத்துக் காசு அகலத்துக்குச் சாம்பல் பூஞ்சை.

முதலில் முட்டைப் பெட்டி இருந்த இன்குபேட்டரை, அதாவது சூடு காக்கும் அடைகாப்புக் கருவியை, ஏர்கான் இல்லாத அறைக்கு மாற்றினேன். பெட்டியின் ஒரு பக்கத்தை 2 செ.மீ. உயர்த்தியதும் மூடி நீர் ஓரமாக வழிந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரை இன்குபேட்டர் சுவரிலிருந்து எடுத்து முட்டை மட்டத்தில் வைத்தேன். சுவரின் சூடு வேறு, முட்டையின் சூடு வேறு. நீர் நிரப்பிய 1.5 லிட்டர் போத்தல்கள் இரண்டு வெப்பம் ஏறி இறங்காமல் பிடித்தன. முட்டைக்கு அடியில் பரப்பும், ஈரம் பிடிக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டும் நீரும் சம எடை. பிழிந்தால் நீர் ஒழுகக்கூடாது.

பூஞ்சையை உலர்ந்த பஞ்சால் ஒற்றினேன். முட்டையைப் புரட்டவே கூடாது, கரு மூழ்கிச் செத்துவிடக்கூடும். மேல்புறத்தில் பென்சில் குறி போடுங்கள். ஒட்டிய முட்டைகளைப் பிரிக்க வேண்டாம். டார்ச் ஒளியில் செந்நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தொடக்கத்திலேயே முட்டை ஓட்டில் குழி விழுந்தால் ஓரத்து வெர்மிகுலைட்டில் மட்டும் நீர் விடுங்கள். கடைசி இரு வாரக் குழி இயல்பு.