வாகனத்தில் இரண்டாவது பேட்டரியை ரிலே மூலம் சார்ஜ் செய்வது எப்படி?

எஞ்சின் நின்ற பிறகும் வேனில் சிறு ஃபிரிட்ஜும் விளக்கும் ஓட வேண்டுமானால், அதற்கென ஒரு 12 வோல்ட் டீப் சைக்கிள் பேட்டரியை (நெடுநேரம் மின்சாரம் தந்து, பலமுறை நன்றாக இறங்கி ஏறத் தாங்கும் வகை) தனியாகப் பொருத்துவதே முறை. எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் சேர்ப்பதும், நின்றபின் பிரிப்பதும் வோல்டேஜ் சென்சிங் ரிலேயின், அதாவது வோல்டேஜைப் பார்த்துத் தானாக இயங்கும் சுவிட்சின் வேலை. பொதுவாக 13.3 வோல்ட் அளவில் அது சேர்க்கும், 12.8 வோல்ட்டுக்கு இறங்கினால் பிரிக்கும். லித்தியம் பேட்டரிக்கும், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (தேவைக்கேற்ப வோல்டேஜை ஏற்றி இறக்கும் மின்னாக்கி) உள்ள புதிய வண்டிக்கும் இந்த ரிலே ஒத்துவராது; அவற்றுக்கு, வரும் வோல்டேஜை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

முதலில் இரண்டாவது பேட்டரியை அசையாதபடி பட்டையிட்டு இறுக்குங்கள். ஆட்கள் அமரும் பகுதிக்குள் வைப்பதாக இருந்தால், சீல் செய்த ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் பேட்டரி) வகையையே வாங்குங்கள். சாதாரண பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.

அடுத்தது கேபிள். ஐந்து மீட்டர் நீளமுள்ள 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 50 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் வழியிலேயே வீணாகும். 16 சதுர மில்லிமீட்டரில் இழப்பு கால் வோல்ட் சொச்சந்தான். ஆகவே கேபிளில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேலையைத் தொடங்குமுன் ஸ்டார்ட்டர் பேட்டரியின் (எஞ்சினைக் கிளப்பும் வண்டியின் பழைய பேட்டரி) நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அதன் பிறகு ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி எழாது. ஸ்டார்ட்டர் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், ரிலே, நீண்ட கேபிள், இன்னொரு ஃபியூஸ், இரண்டாவது பேட்டரியின் பாசிட்டிவ் என்ற வரிசையில் இணைத்து, ரிலேயின் கறுப்பு வயரைப் பாடி எர்த்தில் கொடுங்கள்.

இரண்டு ஃபியூஸ் எதற்கு என்று பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தீப்பிடிக்கும் அபாயம் அங்கேதான் இருக்கிறது. கேபிளின் இரு முனையிலும் மின்சாரத்தைத் தரக்கூடிய பேட்டரி இருப்பதால், நடுவில் எங்கேனும் உறை கிழிந்து பாடியில் உரசினால், ஒருபக்க ஃபியூஸ் போன பின்னும் மறுபக்க பேட்டரி கேபிளைப் பழுக்கக் காய்ச்சிவிடும். மேற்சொன்ன 16 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கு 80 ஆம்பியர் ஃபியூஸ் ஒவ்வொன்றை, அந்தந்த பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். தகட்டைத் துளைத்துக் கேபிள் செல்லும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் கூர்விளிம்பு கேபிளை அறுக்காமல் காக்கும் வளையம்) கட்டாயம்.

இரண்டாவது பேட்டரியின் நெகட்டிவை அதே கனமுள்ள கேபிளால், பெயின்ட்டைச் சுரண்டி வெளுத்த இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கடைசியாக ஸ்டார்ட்டர் நெகட்டிவை மாட்டுங்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து மல்டிமீட்டரால் பாருங்கள். ஸ்டார்ட்டர் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ரிலே 'டிக்' என்று சேர்ந்தபின் இரண்டாவதிலும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். அரைமணி நேரம் ஓடவிட்டு எஞ்சினை நிறுத்திய பின், ஒவ்வொரு லக்கின் (கேபிள் நுனியில் போல்ட் மாட்டுவதற்கான உலோக முனை) அருகிலும் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். ஏதேனும் ஒன்று மட்டும் சுட்டால் அதன் கிரிம்பிங், அதாவது லக்கைக் கேபிளில் நசுக்கிப் பிடித்தது சரியில்லை. வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.